தகவல் அனுப்பப்பட்டது

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த லேப் பொண்ணு ஏன் வேலையை விட்டுப் போனாள் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். வாய். மீட்டிங்கில் எழுந்து நின்று பேசினாள், வேலை போயிற்று. நாலு வருஷமாக நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன மாதம்தான் தெரிந்தது, காரணம் அது இல்லை. அந்த நாலு வருஷமும் காரணம் என் சட்டைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

நான் அங்கே கம்ப்யூட்டரில் பதிவு போடுகிறவன். ஒப்பந்த வேலை. பதினாலு வருஷமாகப் போடுகிறேன். மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி போகிற வழியில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி உள்ளே வந்தால் எங்கள் நிலையம். சுற்றி நிலக்கடலையும் தென்னையும். காலை எட்டரைக்கெல்லாம் வரிசை வேப்பமரம் வரைக்கும் போய்விடும். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர், போன் நம்பர் எல்லாம் நான் தட்டினால்தான் சீட்டு. சீட்டு இருந்தால்தான் டாக்டர். வரிசை நகரவில்லை என்றால் ஏச்சு வாங்குகிறவனும் நான்தான். கை வலி, கண் எரிச்சல், முதுகு பிடிப்பு என்று அங்கே வருகிற வியாதியில் பாதி எனக்கே உண்டு.

அவள் லேப் டெக்னீஷியனாக வந்து சேர்ந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். திருநகரிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவாள். அவளும் ஒப்பந்தம்தான். வாக்கியத்துக்கு ஒரு 'அண்ணே' போடாமல் பேச வராது அவளுக்கு. அந்த அண்ணேயை வைத்துக்கொண்டே ஆளை உயிரோடு உரித்துவிடுவாள்.

சேர்ந்த முதல் வாரம். எட்டாம் நம்பர் டோக்கனுக்குச் சர்க்கரை ரொம்ப அதிகம், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் வந்து சொன்னாள். சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் திரும்ப வந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்லியாச்சும்மா."

"அவரு என்னண்ணே சொன்னாரு?"

"ம்னாரு."

"ம்னு மட்டும் சொன்னாரா, இல்ல எழுதுனாராண்ணே?"

எனக்கு வந்ததே எரிச்சல். நான் என்ன அவள் வீட்டு வேலையாளா? ஆனால் எழுந்து போய்ப் பார்த்தேன். டாக்டர் எழுதவில்லை. அவர் அப்போது யாரோடோ போனில் பேசிக்கொண்டே தலையாட்டியிருக்கிறார்.

இதுதான் அவள். ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டதோடு அவளுக்கு வேலை முடியாது. அது போக வேண்டிய தலைக்குள் போனதா என்று பார்த்தால்தான் அடங்குவாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவுக்குப் போன் பண்ணி வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்வாள். அந்தம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சரி சரி என்றால் விடமாட்டாள். "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்பாள். பெற்ற தாய்க்கே தினமும் பரீட்சை வைக்கிறவள் எங்களை விடுவாளா? அவள் வாயில் ஓயாமல் இருந்த கேள்வி ஒன்றுதான். "அந்த ஆளுக்குத் தெரியுமாண்ணே?"

ஒரு பெரியவர் கதையைச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்காரர். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் முந்தின தடவையைவிட ஏறிக்கிடக்கிறது. போன மாதம் கொடுத்த ரிசல்ட் சீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவர் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் அந்தச் சீட்டு, நாலாக மடித்து, ஒரு கசங்கல் இல்லாமல். "பத்திரமா வச்சிருக்கேன் தாயி" என்றார். வீட்டுப் பத்திரத்தைக்கூட மனுசன் அப்படி வைத்திருக்கமாட்டார். யாரிடமும் காட்டவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. மாத்திரையும் போடவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "தப்பு அவரு மேல இல்லண்ணே. நாமதான் சீட்டக் குடுத்துட்டு விஷயத்தக் குடுக்கல" என்றாள்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒவ்வொரு ரிசல்ட்டையும் வாயால் சொல்வாள். சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன இருக்குன்னு இப்ப நீங்க சொல்லுங்க" என்பாள். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் கோபப்படுவார்கள். ஒரு அம்மா, "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று சண்டைக்கே வந்துவிட்டது. வரிசை வேப்பமரத்தைத் தாண்டி வெளிக்கேட்டுக்குப் போனது. ஏச்சு எனக்கு. நான் அவளை ஏசினேன். ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் வைத்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன். "மூணு நிமிஷத்துல முடியாட்டி அவரு மூணு தடவ வருவாருண்ணே. அப்ப உங்க வரிசை இன்னும் நீளும்ல?" என்றாள். கணக்கென்னவோ சரிதான். சரியாகப் பேசுகிறவர்களோடு வேலை பார்ப்பது பெரிய பாடு.

ஒருநாள் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பழைய காலண்டர் தாள் ஒன்றின் முதுகில் அவள் படம் போட ஆரம்பித்தாள். ஒரு கை, அதிலிருந்து ஒரு ரத்தச் சொட்டு. அது லேப்புக்குப் போகிறது, என் மேஜைக்கு வருகிறது, டாக்டருக்குப் போகிறது, கம்ப்யூட்டருக்குள் போகிறது, எங்கெங்கோ சுற்றி, தாளின் கடைசியில் அந்தக் கைக்காரரிடமே திரும்பி வந்து சேர்கிறது. வழியில் எங்கெல்லாம் நின்றுபோக வாய்ப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையில் ஒரு புள்ளி. புள்ளி நிறைய விழுந்தது. இது என்ன கொட்டாம்பட்டி பஸ் நிற்கிற இடமெல்லாமா என்று கேலி பண்ணினேன். ஆமாண்ணே, அதேதான் என்று சொல்லிவிட்டு இன்னொரு புள்ளி வைத்தாள். ஏதாவது தப்பு நடந்தால் யார் செய்தது என்று தேடக் கூடாதாம், எந்த இடத்தில் நின்றது என்று தேட வேண்டுமாம். ஆளை மாற்றினாலும் இடம் அப்படியே இருக்குமாம்.

என் மேஜைக்கு அவள் ஒரே ஒரு புள்ளிதான் வைத்திருந்தாள். அங்கே எத்தனை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த விவகாரத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் கம்ப்யூட்டரில் போன் நம்பருக்கு ஒரு பெட்டி உண்டு. பத்து இலக்கம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. பத்து இடத்திலும் ஒன்பதையே போட்டு ஏமாற்றிப் பார்த்தேன், கொஞ்ச நாளில் அதையும் கண்டுபிடித்து அடைத்துவிட்டார்கள். வருகிறவர்களில் எத்தனை பேரிடம் போன் இருக்கிறது? போன் புருஷனிடம் இருக்கும். மகன் திருப்பூரில் இருப்பான், நம்பர் மனப்பாடம் இருக்காது. ரேஷன் கார்டு முதுகில் எழுதியிருக்கிறது, கார்டு வீட்டில் இருக்கிறது என்பார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். ஒரு வயதான அம்மா, போன் இல்லையே சாமி, என்னைத் திருப்பி அனுப்பிருவீகளா என்று கேட்டு அழுதுவிட்டது. மனசு கேட்கவில்லை. என் நம்பரைப் போட்டுச் சீட்டைக் கொடுத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் தடவை இரக்கம். அதற்குப் பிறகு பழக்கம். யாருக்குப் போன் இல்லையோ அவர்களுக்கெல்லாம் என் நம்பர். கை தானாகவே தட்டும்.

அதனால் மெசேஜ் எல்லாம் எனக்கு வர ஆரம்பித்தது. அன்புள்ள பயனாளியே, உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி நாள் நெருங்குகிறது. அன்புள்ள பயனாளியே, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளவும். அரசாங்கக் கணக்குப்படி நான் எத்தனை தடவை கர்ப்பமாக இருந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் என் வீட்டுக்காரி போனை எடுத்துப் பார்த்துவிட்டு, 'உங்கள் பிரசவ தேதி அருகில் உள்ளது' என்று உரக்கப் படித்து, யாருக்கு என்று கேட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே பிரசவ வலி வந்துவிட்டது. அன்றைக்கே அந்த மெசேஜ்களைச் சத்தம் வராமல் செய்துவிட்டேன். வரும், ஒரு மூலையில் சேரும், கிடக்கும். நான் பார்ப்பதில்லை.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து ஊரில் கர்ப்பிணிகளுக்கு முகாம் போட்டு ரத்தம் எடுத்து வந்தார்கள். அன்று மதியம் அவள் சோதித்ததில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் ஆறு கிராம்தான் இருந்தது. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். ஆறாவது மாதம் அந்தப் பெண்ணுக்கு. கடலைக்காட்டில் கூலிக்குப் போகிறவள். அந்த ஊருக்கு இருக்க வேண்டிய நர்ஸ் வேலை அப்போது காலியாகக் கிடந்தது, நேரில் போய்ச் சொல்ல ஆள் இல்லை. நான் ரிசல்ட்டை ஏற்றினேன். திரையில் பச்சை டிக் விழுந்தது. தகவல் அனுப்பப்பட்டது என்று அதற்குப் பக்கத்தில் எழுதியும் காட்டியது.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாண்ணே?"

"பச்சை டிக் விழுந்திருக்கும்மா."

"டிக்கு உங்களுக்கு விழுந்திருக்குண்ணே. அவங்களுக்குத் தெரியுமா?"

நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றாள். அன்று பார்த்துச் சர்வர் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி வேறு. நாளைக்குப் பார்த்து நானே பேசிவிடுகிறேன் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து அவளுக்கு மதுரையில் ஒரு வாரம் பயிற்சி. போய்விட்டாள். நான் மறந்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, சுத்தமாக மறந்துவிட்டேன். பயிற்சி முடிந்து வந்த அன்று பையைக்கூடக் கீழே வைக்காமல் என் மேஜைக்கு வந்து, அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா என்று கேட்டாள். "ஆச்சும்மா" என்றேன். அவ்வளவு சின்ன வார்த்தை. அவள் தொல்லை அதோடு தீர்ந்தால் போதும் என்றிருந்தது. என் குரலில் இருந்த அலுப்பைப் பார்த்தோ என்னவோ, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு மட்டும் அவள் கேட்கவில்லை.

அடுத்த பத்து நாளில் அந்தப் பெண் காட்டிலேயே மயங்கி விழுந்தாள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை.

விஷயம் தெரிந்த அன்று லேப் பொண்ணு என் மேஜைக்கு வந்தாள். அந்தப் பதிவைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். திரையைப் பார்த்து அந்த நம்பரைத் தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். கீபோர்டு பக்கத்தில் கிடந்த என் போன் வெளிச்சம் போட்டது. அவள் பெயர் அதில் வந்தது. அது அணைகிறவரை ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எம்புட்டுப் பேருக்குண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் ஒரு சின்ன ஊருக்கு ஆகும் போலிருந்தது. மூணு வாரம் அவளும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக எடுத்தோம். பக்கத்து வீட்டு நம்பர், கடைக்காரர் நம்பர், பால் ஊற்றுகிறவர் நம்பர் என்று எதையாவது கண்டுபிடித்து மாற்றினோம். எதுவுமே கிடைக்காத வீடுகளுக்குச் சாயங்காலம் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து நேரிலேயே சொன்னாள். சொல்லித் திரும்பச் சொல்லவும் வைத்தாள். நான் செய்தது பயத்தில். அவள் ஏன் செய்தாள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அந்த 'ஆச்சு'வை அவள் ஒருநாளும் மறுபடி பேச்சில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு மதுரையில் மீட்டிங். மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் நம்பரைத் தப்பாகப் போட்டது யார், பெயர் வேண்டும் என்றார். நான் ரெண்டாவது வரிசையில் இருந்தேன். எனக்கு ரெண்டு பெண் பிள்ளைகள், அப்பனுக்கு ஒப்பந்த வேலை. செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்தாள்.

"பேரு எனக்குத் தெரியும் சார். சொன்னா அவரு போயிருவாரு, வேற ஆளு வருவாரு. அவரும் இதேதான் சார் செய்வாரு. பின்னாடி நாப்பது பேரு நிக்கிறப்ப அந்தப் பெட்டி காலியா இருந்தா நகராது. போன் இல்லைன்னு போட அதுல ஒரு எடம் வேணும் சார்."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்மா என்றார் அவர். அவள் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவரே சலித்துப் போய் அடுத்த விஷயத்துக்குப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து எங்கள் ஒப்பந்தங்களை நீட்டிக்கச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. பதவி பதவியாகக் கூப்பிட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். தேதி போனுக்கு வரும். எனக்கு வந்ததை அந்த மூலையில் தேடிப் பிடித்தேன், போய் வந்ததும் அழித்துவிட்டேன். அவள், தனக்கு இன்னும் வரவில்லையே என்றாள். வரும்மா, லேப்காரங்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள் என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டாள். மெசேஜ் வரும், காத்திருங்கள் என்றார்களாம். பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. மேலிடத்து முடிவு என்றார்கள். எங்கள் எல்லாருக்கும் அந்த மீட்டிங்தான் ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கிறது. எதையும் கடைசிவரை விசாரிக்கிறவள் தன் விஷயத்தில் மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

கடைசி நாள் லேப்பைக் கழுவித் துடைத்தாள். ஃப்ரிட்ஜில் இருந்ததற்கெல்லாம் பெயர் ஒட்டினாள். இன்னும் ரிசல்ட் சொல்ல வேண்டிய ஆறு பேரின் பெயரை எழுதி என்னிடம் கொடுத்தாள். நான் அதை வாங்கிப் பையில் வைக்கப் போனேன். "திரும்பச் சொல்லுங்கண்ணே" என்றாள். ஆறு பெயரையும் சொன்னேன். நாலாவதில் தடுக்கினேன். மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தாள். அப்புறம் வாரேண்ணே என்று பஸ் ஏறிவிட்டாள். நான் அந்த ஆறு பேருக்கும் அன்றைக்கே சொன்னேன், சொல்லிவிட்டேன் என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு வருஷத்தில் அந்தப் பெட்டிக்குக் கீழே 'போன் இல்லை' என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. அவள் கேட்டதால்தானா, வேறு யாராவது கேட்டார்களா, யாருக்குத் தெரியும்? நான் மட்டும் ஒரு நாளைக்கு இருபது தடவை அதை அமுக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஞாபகம்தான்.

போன மாதம் என் போன் நிறைந்துபோய் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. பழைய குப்பையை அழிக்கலாம் என்று அந்த மூலையைத் திறந்தேன். வருஷக்கணக்கான மெசேஜ்கள். அன்புள்ள பயனாளியே, அன்புள்ள பயனாளியே. தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி ஆரம்பித்தது. அவள் பெயர் போட்டிருந்தது. ஒப்பந்த நீட்டிப்புக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு நேரில் வரவும், வரத் தவறினால் பணியில் விருப்பம் இல்லை எனக் கருதப்படும் என்று இருந்தது. கீழே தேதி.

எப்படி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று பணியாளர் பட்டியலில் பெயர் ஏற்றியவன் நான். நம்பர் கேட்கலாம் என்று பார்த்தால் அவள் லேப்பில் இருந்தாள். எழுந்து பத்தடி நடக்க வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று என் நம்பரைத் தட்டினேன். நோயாளிகள் பட்டியலைச் சுத்தம் பண்ணின அந்த மூணு வாரமும் பணியாளர் பட்டியல் என் நினைவுக்கே வரவில்லை. அது வேறு பக்கத்தில் இருந்தது.

ஒரு மாதம் ஆறப்போட்டேன். போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். மதுரை காளவாசலில் செல்போன் கடைக்கு மேலே மாடியில் ஒரு தனியார் லேப்பில் இருக்கிறாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வாங்கண்ணே, என்ன அதிசயமா இருக்கு என்றாள். சர்க்கரை பார்க்க வந்தேன் என்று பொய் சொன்னேன். ஊசி குத்தினாள். அந்தக் கை மாறவில்லை, வலி தெரியாது.

பெட்டியில் 'போன் இல்லை' என்று போட இடம் வைத்துவிட்டார்கள், மூணு வருஷம் ஆயிற்று என்றேன். அப்படியா, எனக்குத் தெரியாதே என்றாள். பஞ்சை அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "அன்னைக்கு வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ண்ணே. அம்மா இன்னமும் ஏசுது" என்றாள்.

அதற்குள் ஒருவர் ரிசல்ட் சீட்டோடு வந்து நின்றார். வயலில் இருந்து நேரே வந்தவர் மாதிரி இருந்தார். இதில் என்னம்மா போட்டிருக்கு என்று கேட்டார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. "டாக்டர்ட்டக் காட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அடுத்த குழாயில் பெயர் ஒட்டினாள். அவர் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போனதும் சொன்னாள். "இப்பல்லாம் நான் எதையும் கேக்குறதில்லண்ணே. ரிசல்ட்டக் குடுத்தா என் வேலை முடிஞ்சுச்சு. கேட்டு என்னத்தக் கண்டேன்?"

அவளிடமிருந்து வேலையைப் பறித்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இதையும் பறித்திருக்கிறேன் என்று தெரியாது. இதற்கு மேல் சும்மா இருந்தால் நான் மனுசனே இல்லை. போனை எடுத்து அந்த மெசேஜைத் திறந்து மேஜை மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். எந்த நம்பருக்கு வந்தது, ஏன் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பத்தடி நடக்கச் சோம்பல்பட்டதையும் சொன்னேன். எழுந்து போய் உள்ளே காத்திருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் எடுத்தாள், பெயர் ஒட்டினாள், கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு அறை விட்டால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்த ஸ்டாஃப் லிஸ்ட்ல வேற யாருக்கு உங்க நம்பர் இருக்கு?"

அதை நான் யோசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. யோசித்தேன். எங்கள் நிலையத்தைக் கூட்டித் துடைக்கிற அம்மா இருக்கிறார். அவருக்குப் போன் கிடையாது. அவர் பெயரை ஏற்றியவனும் நான்தான்.

"அவங்களுக்குச் சரிபார்ப்பு முடிஞ்சுருச்சா?"

"இல்லம்மா. இந்த வாரமோ அடுத்த வாரமோ வரும்கிறாங்க."

"செய்தி உங்க போனுக்குத்தான் வரும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்பக் கிளம்புனா அவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள புடிச்சிரலாம். நேர்ல சொல்லுங்க. சொன்னதத் திரும்பச் சொல்ல வைங்க. நாளைக்குக் காலைல மொத வேலையா நம்பர மாத்துங்க. முடிச்சிட்டு எனக்குப் போன் பண்ணணும். அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியணும்."

அந்தச் சர்க்கரை ரிசல்ட்டைக்கூட வாங்காமல் இறங்கி ஓடினேன். மாட்டுத்தாவணியில் கொட்டாம்பட்டி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் மறந்துவிடாமல் இருக்க ஒருமுறை வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மெசேஜைப் படித்த பிறகு அவள் ஒரு தடவைகூட அண்ணே என்று சொல்லவில்லை.